ஏழு பைகளும் பாரிஸ் நகரமும்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து கிளம்பி, கோயம்புத்தூரில் விமானமேறி, ஜெர்மனியில் மகன் வீட்டில் இருபது நாள் தங்கி, அங்கிருந்து ரயிலில் பாரிஸுக்கு வந்து சேர்ந்த நாச்சிமுத்துவின் குடும்பம் ஊர் சுற்றிப் பார்க்கப் புறப்பட்ட ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமையன்று, ஈஃபில் கோபுரம் தன் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து ஆற்றைக் கடந்து நடந்து வந்தது என்றால், அதற்குக் காரணம் ரயில் நிலையத்து லாக்கரை நாச்சிமுத்து நம்பாமல் போனதுதான், வேறொன்றுமில்லை.

நாச்சிமுத்து மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து வருஷம் மின்கோபுரங்களில் ஏறி இறங்கியவர் என்பதால், உலகத்திலேயே பெரிய பெயரெடுத்த இரும்புக் கோபுரத்தில் ஒரு தடவையாவது ஏறி, அதன் ரிவெட்டு ஆணிகளைத் தட்டிப் பார்த்து, வேலை சுத்தமா இல்லையா என்று தன் வாயால் ஒரு தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. காலையில் விடுதி அறையைக் காலி செய்தாகிவிட்டது, திரும்பும் ரயில் மாலை ஏழு மணிக்கு, நடுவில் ஒரு முழுப் பகல் கையில் இருக்கிறது, பைகளை லாக்கரில் பூட்டிவிட்டுக் கை வீசிக்கொண்டு போகலாம் என்று மகன் செழியன் சொன்னான். நாச்சிமுத்து அந்த இரும்புப் பெட்டிகளில் ஒன்றைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், காதை வைத்துக்கூடக் கேட்டார், ஆள் இல்லாத இடத்தில் பையை அடைத்துவிட்டுப் போவதற்கா பத்திரம் என்று பெயர் என்று கேட்டார்.

“உங்கம்மா இருக்கறப்ப லாக்கரு எதுக்குடா?” என்றார் கடைசியாக.

அந்த அம்மாவின் பெயர் பாவாத்தாள். கல்யாணமான புதிதில் புகுந்த வீட்டார் பன்னிரண்டு பேரோடு தஞ்சாவூருக்குப் போனபோது, பெரிய கோயில் வாசலில் அத்தனை பேரின் செருப்பையும் நான்கு பைகளையும் அவளிடம் விட்டுவிட்டு எல்லோரும் உள்ளே போய் வந்தார்கள். வந்து பார்த்தால் செருப்பெல்லாம் ஜோடி ஜோடியாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. புதுப்பெண் என்ன பொறுப்பு பாருங்கள் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார், அந்தப் பெருமை பாவாத்தாளைப் பிடித்தது பிடித்ததுதான், முப்பத்தெட்டு வருஷம் விடவில்லை. ஒகேனக்கல்லில் அவள் அருவியின் சத்தத்தைக் கேட்டாள், கன்னியாகுமரியில் கடலின் வாசனையை முகர்ந்தாள், மைசூர் அரண்மனையில் அதன் மதில் சுவரோடு முதுகை வைத்துச் சாய்ந்திருந்தாள். தாஜ்மகால் எப்படி இருந்தது என்று பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, அங்கே ஒரு வேப்பமரம், நல்ல நிழல் என்று சொன்னாள். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல அவளுக்கு வராது. உட்கார ஏற்ற இடம், வெயில் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கத்துக்கு நகரும், மூக்குத்தி விற்கிறவள் எந்நேரம் வருவாள், இதெல்லாம் பதினோரு ஊர்களுக்கு அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். பதினோரு ஊரிலும் உள்ளே என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

ஆசை இல்லாமல் இல்லை. இந்தத் தடவை ஒன்றே ஒன்றையாவது நானும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று விமானத்தில் ஏறும்போதே அவள் நினைத்துக்கொண்டாள். மருமகள் அபிராமியிடம் ஒருநாள் சமையலறையில் வெங்காயம் அரிந்தபடி அதை வாய்விட்டும் சொன்னாள். கட்டாயம் கூட்டிப் போகிறேன் அத்தை என்று அபிராமி மனசாரத்தான் சொன்னாள். ஆனால் பயணக் காலையில் பல் விளக்குவது முதல் பாஸ்போர்ட் தேடுவது வரை ஆயிரம் வேலை இருக்கிறது, அதில் அடுத்தவருடைய ஆசை ஞாபகத்தில் தங்குவது கஷ்டம்.

ஆகவே பத்தரை மணிக்கு செய்ன் நதிக்கரையில், மரத்தடியில், ஒரு பச்சை பெஞ்சில் பாவாத்தாள் உட்கார வைக்கப்பட்டாள். சக்கரம் வைத்த பெட்டி இரண்டு, ஸ்வெட்டர் பை, புளிசாத டப்பாக்கள் இருந்த கூடை, மின்சாரக் குக்கர் பை, சொந்தக்காரர்களுக்கான சாக்லேட் பை, கோபி ஜவுளிக்கடையின் மஞ்சள் பை என்று ஏழும் அவளைச் சுற்றி வைக்கப்பட்டன.

“சித்தெ உக்காந்துக்க புள்ள. மத்தியானத்துக்குள்ள வந்தர்றோம்,” என்றார் நாச்சிமுத்து. அவளும் சரிங் என்றாள். மூன்று பேரும் போனார்கள், வளைவில் திரும்பும்போது அபிராமி ஒரு தடவை நின்று பார்த்தாள், ஏதோ ஞாபகம் வருவது போலிருந்தது, அதற்குள் செழியன் கூப்பிட்டுவிட்டான்.

பை பார்த்துக்கொள்வதைச் சும்மா உட்கார்ந்திருப்பது என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பாவாத்தாள் ஒரு பையின் வாரைக் கணுக்காலில் சுற்றிக்கொண்டாள், பெட்டியின் கைப்பிடியில் முந்தானையை முடிந்தாள், மஞ்சள் பையை மடியில் வைத்தாள், அதன் பிறகு ஆற்றையோ படகையோ எதிர்க்கரையையோ அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஏனென்றால் வேடிக்கை பார்க்கிற கண் களவு கொடுக்கும் என்பது அவளுக்குள்ளேயே ஊறிப்போன பயம். அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து, அந்த வழியாகப் போன ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தன் குடையை அவள் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிம்மதியாக நடந்து போனார். பிறகு ஒரு பெண் காலித் தள்ளுவண்டியை விட்டுப் போனாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, இவளும் ஒன்றும் சொல்லவில்லை, குடையை வண்டிக்குள் படுக்க வைத்து இரண்டையும் அருகில் இழுத்துக்கொண்டாள்.

பதினொன்றேகாலுக்குத்தான் கோபுரம் வந்தது. வாய்க்காலைத் தாண்டுகிற பெண்பிள்ளை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொள்வாளே, அப்படிக் கால்களைக் கொஞ்சம் உயர்த்தி, படகுகளுக்கு வழிவிட்டு, பாலத்தில் படாமல் தண்ணீரில் இறங்கிக் கரையேறி, பெஞ்சுக்குப் பின்னால் கால்களை மடக்கி அப்பாடா என்று உட்கார்ந்தது. நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாக உலகமெல்லாம் திரண்டு வந்து அண்ணாந்து பார்த்திருக்கிறது, படம் பிடித்திருக்கிறது, அதன் மேல் ஏறியிருக்கிறது. நீ கொஞ்சம் உட்கார், நான் இருக்கிறேன் என்று சொல்ல மட்டும் ஒரு ஆள் இருந்ததில்லை, அதனால் வந்திருக்கலாம் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். எனக்குத் தெரியாது. பாவாத்தாளுக்கும் தெரியாது. சாக்லேட் பையில் தண்ணீர் தெறித்ததா என்று அவள் பார்த்தாள், தெறிக்கவில்லை, வந்தவருக்கு இடம் வேண்டுமே என்று இரண்டு பைகளை முன்னால் நகர்த்தி வைத்தாள்.

அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. அந்தக் காலத்து ராஜா போரில் ஜெயித்ததற்காகக் கட்டிய கல் வளைவு, கல்யாண வீட்டுக்கு வந்த பெரிய மனுஷர் போல நடுத்தெருவிலேயே நடந்து வந்து இடதுபக்கம் நின்றது. பெரிய அருங்காட்சியகத்து வாசலிலிருந்த, பிரமிடு மாதிரியான கண்ணாடிக் கூம்பு சத்தமே போடாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் நெருப்பில் வெந்து, மறுபடி சரி செய்யப்பட்ட பழைய மாதா கோயில் எல்லோருக்கும் கடைசியாக, ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்னும் உடம்பு தேறாத ஆளைப் போலச் சுவரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்ததும் பாவாத்தாளுக்கு மனசு கஷ்டமாகப் போய், ஸ்வெட்டர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சை ஒட்டிக் காற்றுப் படாத பக்கத்தை அதற்குக் கொடுத்தாள்.

பாரிஸ்காரர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டால், நன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். முதலில் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருக்காரர்கள் ஜன்னலைத் திறந்தார்கள். கோபுரத்து நிழல் விழுந்து நாற்பது வருஷமாகச் சமையலறையில் வெயிலே படாத ஒரு அம்மாள் பத்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு அந்த வெளிச்சத்தில் நின்றுவிட்டு, மெத்தைகளை எடுத்து வந்து காயப்போட்டாள், அவளைப் பார்த்து அந்தத் தெருவே மெத்தைகளைக் காயப்போட்டது. காபிக்கடைக்காரர்கள் மேஜை நாற்காலிகளைத் தூக்கி வந்து ஆற்றங்கரையில் போட்டார்கள், பேருந்துகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டது போலப் பெஞ்சைச் சுற்றி வந்தன, வழிகாட்டிகள் கொடிக்கம்பை மடக்கிப் பையில் வைத்துவிட்டார்கள். இத்தாலி, சீனா, பிரேசில் என்று பல நாடுகளிலிருந்து வந்து, ஒரு நாளில் பதினான்கு இடம் என்று எழுதிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த சுற்றுலாக்காரர்கள், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் செருப்பைக் கழற்றி, தங்கள் பைகளைப் பாவாத்தாளின் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, அங்கேயே தூங்கிப்போனார்கள். அன்று அந்த ஊரில் ஒரு பை கூடத் திருட்டுப் போகவில்லை என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள், பிறகு அவர்களும் தொப்பியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

பாவம், நாச்சிமுத்துவின் கூட்டம்தான் அலைந்தது. வளைவு இருந்த இடத்துக்குப் போனால் வெறும் வட்டம் கிடந்தது, பழக்கதோஷத்தில் கார்கள் அதைச் சுற்றிக்கொண்டிருந்தன. அருங்காட்சியகத்தில் சதுரமாக ஒரு பள்ளம். மாதா கோயில் இருந்த இடத்தில் புறாக்கள் உட்கார இடமில்லாமல் தரையில் நடந்துகொண்டிருந்தன. எந்த இடத்துக்குப் போனாலும் அது இவர்களுக்குச் சற்று முன்னால்தான் கிளம்பிப் போயிருந்தது. கடைசியில் கோபுரம் இருந்த மைதானத்துக்கு வந்து நான்கு குழிகளைப் பார்த்த நாச்சிமுத்து, ஒரு குழியின் விளிம்பில் குந்தி, அஸ்திவாரம் நல்லாத்தான் போட்டிருக்கிறான் என்று மட்டும் சொன்னார். எல்லோரும் ஆற்றங்கரைக்குப் போகிறார்களே, நாமும் போவோம் என்று அபிராமிதான் கூட்டி வந்தாள்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி நாலரை. பெஞ்சுக்கு முன்னால் நகரசபை அதிகாரி ஒருவர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டு நின்றிருந்தார். கோபப்படும் ஆளில்லை அவர், அவரும் மத்தியானம் முழுக்கப் புல்லில் தூங்கியவர்தான், ஆனால் பொழுது சாய்வதற்குள் அதது அதன் இடத்துக்குப் போக வேண்டும், கோபுரத்தில் விளக்கேற்ற வேண்டும், மாதா கோயிலில் மாலைப் பூசை இருக்கிறது. அவர் சொன்னதைத் தமிழில் எடுத்துச் சொன்னவள் சாந்தரூபி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பாரிஸ் நகரசபையில் தெருக்கூட்டும் வேலையில் இருக்கிறவள், பச்சைச் சட்டையும் நீளத் துடைப்பமுமாக நின்றிருந்தாள்.

“அம்மா, பயப்பிடாதேங்கோ, உங்களில ஒரு பிழையும் இல்லையாம்,” என்றாள் அவள். “நீங்கள் எழும்பினால்தான் இவையும் எழும்புவினம் எண்டு சொல்லுகினம். ஒருக்கா எழும்பிப் பாக்கிறியளே?”

பாவாத்தாள் கணுக்காலிலிருந்த வாரை அவிழ்த்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, எழுந்தாள். கோபுரமும் எழுந்தது. வளைவும் கூம்பும் மாதா கோயிலும் எழுந்தன. எழுந்தவை அங்கேயே நின்றன, ஒரு எட்டு நகரவில்லை. அதிகாரி கையை வீசிப் பார்த்தார், ஒரு போலீஸ்காரர் ஊதல் ஊதினார், கூட்டத்தில் ஒருவர் எல்லோரையும் சேர்த்துப் பாட வைத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. என்ன காரணம் என்று அங்கே இருந்த அத்தனை ஆயிரம் பேரில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை, பாவாத்தாளுக்கு மட்டும் பார்த்த உடனே விளங்கிவிட்டது, ஏனென்றால் கோபிப் பக்கத்தில் வீடு என்று ஒன்றை நடத்துகிற எவளுக்கும் இது தெரியும். விருந்தாளி கிளம்புகிறபோது வாசல்வரை வந்து, நீங்களும் ஒரு நடை நம் வீட்டுக்கு வர வேண்டும் என்று சொல்வார், வருகிறோம் என்று வீட்டுக்காரி சொல்ல வேண்டும். அந்தச் சொல் கிடைக்காமல் மானமுள்ள விருந்தாளி படியிறங்க மாட்டார்.

“வரச் சொல்றாங்க,” என்றாள் அவள், சாந்தரூபியிடம். “அவங்க நம்மகிட்ட வந்தாச்சுல்லங். நானும் வர்றேன்னு சொல்லோணும்.”

சொல்லிவிட வேண்டியதுதானே என்று செழியன் மெதுவாகச் சொன்னான். பாவாத்தாள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். வருகிறேன் என்று சொன்னால் போக வேண்டும். போனால் பைகளை யார் பார்த்துக்கொள்வது? சாந்தரூபி இதை அதிகாரிக்குச் சொல்ல, அதிகாரி பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொல்ல, அது வாய்க்கு வாய் பரவிப் போய், பாரிஸ் நகரம் மொத்தமும் அந்த ஏழு பைகளைப் பார்த்தது. நான்கு போலீஸ்காரர்களை நிறுத்துகிறேன் என்றார் அதிகாரி. பாவாத்தாள் வேண்டாம் என்று தலையசைத்தாள், போலீஸ் நின்றால் என் மனசு இங்கேதான் கிடக்கும், வீட்டு ஆள் உட்கார்ந்தால்தான் நான் நிம்மதியாகப் போக முடியும் என்றாள். அப்போது அபிராமிக்குச் சமையலறையில் வெங்காயம் அரிந்த அந்த நாள் முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. அவள் முகம் சிறுத்துப்போனது. சட்டென்று வந்து பெஞ்சில் உட்காரப் போனாள்.

“நான் உக்கார்றேன் அத்தை. நீங்க போய்ட்டு வாங்க.”

பாவாத்தாள் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள். “வேண்டாம் அம்மிணி. இன்னைக்கு நீ உக்காந்தா அப்பறம் எப்பவும் நீயேதான் உக்காரோணும்.”

இதைச் சாந்தரூபி மொழிபெயர்க்கவில்லை, ஆனாலும் கூட்டத்திலிருந்த நிறையப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அபிராமி அழுதேவிட்டாள். செழியன் நான் உட்காருகிறேனே என்று வாயெடுத்தான், ஆனால் ரயில் சீட்டு அவன் போனில் இருந்தது, வழி அவன் ஒருவனுக்குத்தான் தெரியும், நேரமானால் ஸ்டேஷனுக்கு ஓடவும் அவன்தான் வேண்டும். மீதி இருந்தது நாச்சிமுத்து.

அவர் கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கைக்கெட்டும் தூரத்தில் அதன் கால் இருந்தது, நெருங்கிப் போய் ஒரு ரிவெட்டைச் சுண்டினார், கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார், திருப்திதான். இனி அது அதன் இடத்துக்குப் போனால் மேலே ஏற அவருக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது, இந்த ஜென்மத்தில் இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வரப்போவதில்லை, இதெல்லாம் அவருக்குத் தெரியும். கெட்ட மனுஷர் இல்லை அவர். உள்ளே போய் வந்து பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் அவளுக்குச் சொல்வார், அதுவே போதும் என்று நிஜமாகவே நினைத்திருந்தார். இப்போது ஊரே நிற்கிறது, பெண்டாட்டி யாரையும் கேட்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவள் கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்திருப்பார். அவர் பெஞ்சில் போய் உட்கார்ந்து, மஞ்சள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“போய்ட்டு வா புள்ள. நான் இருக்கறேன்.”

பாவாத்தாள் திரும்பி, வந்திருந்த எல்லோரையும் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, வர்றேனுங் என்றாள். கோபுரம் உடனே புறப்பட்டது. வளைவு புறப்பட்டது, கூம்பு வழுக்கிக்கொண்டு போனது, மாதா கோயில் கொஞ்சம் தெம்பாகவே நடந்து போனது, அதிகாரி விட்ட பெருமூச்சில் பக்கத்து மேஜையின் காகித விரிப்பு பறந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பைகளையும் செருப்புகளையும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் போல ஆளுக்கொரு திசையில் போனார்கள்.

அவள் தனியாகத்தான் போனாள், கூட யாரும் வேண்டாம் என்றுவிட்டாள். பாலத்தில் நடக்கும்போது இரண்டு கைகளையும் என்ன செய்வதென்றே தெரியவில்லை; கொஞ்ச தூரம் கட்டிக்கொண்டாள், கொஞ்ச தூரம் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், பாலம் முடிகிற இடத்தில் அவை தாமாகவே வீச ஆரம்பித்தன. கோபுரத்தில் அவளிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. லிப்ட் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது, கதவு திறந்தது, பாரிஸ் முழுக்க அவள் காலடியில் கிடந்தது.

அவள் பார்த்தாள். அவசரமே இல்லாமல் பார்த்தாள். வளைவு அதன் வட்டத்தில் நிற்பதையும், கூம்பு பள்ளத்தில் பொருந்தி உட்கார்ந்திருப்பதையும், மாதா கோயில் ஆற்று நடுவில் இருக்கிற தன் திட்டுக்கு இன்னும் போய்ச் சேராமல் மெதுவாக நடப்பதையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் வந்துவிட்டேன் என்று தலையசைத்தாள். கூரைகளைப் பார்த்தாள், கூரைகளின் மேல் காய்கிற மெத்தைகளைப் பார்த்தாள், பாலங்களைப் பார்த்தாள், பொழுது சாய்ந்து ஆறு செம்பு நிறமாக மாறுவதைப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் போய் வந்தவர்கள் எல்லோரும் உயரத்தையும் அகலத்தையும்தான் சொல்லியிருந்தார்கள். அழுகை வந்தது, அழுதாள், பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணும் சேர்ந்து அழுதாள், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள். விளக்குகள் எரிந்தபோது அவள் அந்த வெளிச்சத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ரயில் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு நினைவில் இல்லை.

திரும்பி வரும்போது மணி ஏழரை. ரயில் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது, அவள் இறங்கி வரக் காணோமே என்று காலை ரயிலுக்குச் சீட்டை மாற்றிக்கொண்டு வர ஆறு மணிக்கே செழியனும் அபிராமியும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார்கள், சாந்தரூபி வேலை முடிந்து வீட்டுக்குப் போயிருந்தாள். பெஞ்சில் நாச்சிமுத்து மட்டும் இருந்தார். முழங்கால்கள் இரண்டையும் ஒட்டி வைத்து, பெட்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்து, அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்து உட்கார்ந்திருந்தார். கோபம் என்றுதான் பாவாத்தாள் நினைத்தாள். நேரமாயிருச்சுங் என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

அவர் நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோபுரத்தைப் பற்றியும் கேட்கவில்லை. அவளை ஏதோ அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“ஏம்புள்ள,” என்றார். “நீ போன கொஞ்ச நேரத்துல ஒண்ணுக்கு வந்திருச்சு. பைய உட்டுட்டு எந்திரிக்க முடியல. ரெண்டு மணி நேரமா அடக்கிட்டு உக்காந்திருக்கறேன். முப்பத்தெட்டு வருசமா நீ என்ன பண்ணுன?”

“தண்ணியே குடிக்க மாட்டனுங்,” என்றாள் பாவாத்தாள். “எங்காவது போறதுன்னா மொத நாளு சாயங்காலமே நிறுத்திக்குவேன்.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். ஒகேனக்கல், கன்னியாகுமரி, மைசூர், ஆக்ரா என்று வெயிலும் வேப்பமரமுமாக எல்லா ஊர்களும் நாச்சிமுத்துவின் முன்னால் வரிசையாக வந்து நின்றன. அவர் குனிந்து கூடையைத் திறந்து, புளிசாத டப்பாக்களுக்கு அடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து அவளிடம் நீட்டினார். நீங்கள் முதலில் போய்விட்டு வாருங்கள் என்று அவள் சொன்னாள். அவர் தலையை ஆட்டி மறுத்தார், நீ குடி, அப்புறம்தான் எழுந்திருப்பேன் என்றார். அவள் நின்றபடியே அண்ணாந்து குடித்தாள், கழுத்தில் வழிய வழிய மடமடவென்று பாதிப் பாட்டில் குடித்துவிட்டு மூச்சு விட்டாள், மறுபடியும் குடித்தாள்.

பிறகு நாச்சிமுத்து மஞ்சள் பையை மடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டு எழுந்தார். பைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஆனால் அப்போது அது அவர்கள் இருவருக்கும் தெரியாது. ஏழு பைகளையும் பெஞ்சிலும் தரையிலுமாக அப்படியே போட்டுவிட்டு, அவர் முன்னால் ஓட, அவள் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க, இருவரும் கழிப்பறை தேடிப் போனார்கள்.